லினக்ஸில் கேம் ஓடுமா? - ஒரு முப்பதாண்டுக் கதை

"லினக்ஸ்ல கேம் ஓடாதுப்பா" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் நமது கல்லூரி விடுதியை விட்டு யாரும் வெளியே வந்திருக்க முடியாது. சீனியர் சொல்வார், ஜூனியர் தலையாட்டுவார், அன்று இரவுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் ஃபார்மேட் ஆகிவிடும். லினக்ஸ் லேபில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததை மூன்றே சொற்கள் ஒரே மாலையில் துடைத்துவிடும்.

மலர்க் குழுவினர் என்னிடம், "டெக்னிக்கலா ஏதாவது எழுதுப்பா, ஆனா எங்க பேட்ச்காரங்களுக்கும் புரியணும்" என்று கேட்டுக் கொண்டனர். அந்த மூன்று சொற்களின் வரலாற்றையே எழுதலாம் என்று முடிவு செய்தேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அந்த வாக்கியம் உண்மையாகத்தான் இருந்தது. பிறகு எப்படிப் பொய்யானது, யார் அதைப் பொய்யாக்கினார்கள் என்பது சுவாரசியமான கதை. அதில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கூட ஒரு சிறு பங்கு உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வீடியோ கேம் வந்துவிட்டது. அது வந்து உட்கார்ந்த இடம் வீட்டுக் கூடம். 'டி.வி. கேம்' என்பார்கள். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்கள் அவை. மஞ்சள் கேசட்டைச் செருகி, டி.வி.க்குப் பின்னால் ஒயரை மாட்டினால் மரியோவும் கான்ட்ராவும் வரும். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை டி.வி. இல்லாத வீடுகளுக்கும் 14 அங்குலத் திரை வந்து சேர, டி.வி. கேமுக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. மில்லில் ஷிப்ட் முடிந்து அப்பா வந்து நியூஸ் வைக்கும் வரைதான் மரியோவுக்கு ஆயுள். சோபா என்று பின்னால் எழுதப் போகிறேன். எங்களில் பாதிப் பேர் ஆடியது தரையில் பாய் விரித்துத்தான்.

பள்ளி, கல்லூரி லேபில் அப்போது ஆண்டவர் வேறொருவர்: டேவ். 'டேஞ்சரஸ் டேவ்' என்றால் 1990-களில் படித்த அண்ணன்மார்களுக்கு உடனே விரல் துடிக்கும். சிவப்புத் தொப்பி போட்டுக் கோப்பை தேடி அலையும் அந்த டேவை உருவாக்கியவர் ஜான் ரொமெரோ என்ற அமெரிக்க இளைஞர். டி.வி. கேம் மரியோவும் லேப் டேவும் ஒரு முறை உண்மையிலேயே சந்தித்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1990 செப்டம்பரில் ஓர் இரவு, ரொமெரோவுடன் வேலை பார்த்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் மரியோவின் முதல் கட்டத்தை அப்படியே கம்ப்யூட்டரில் வரைந்து, மரியோ இருக்க வேண்டிய இடத்தில் டேவை நிறுத்தினார்கள். திரை வழுக்கிக் கொண்டு நகர்ந்தது. சாதாரண பி.சி.யில் அது முடியாது என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கூட்டம் தனியாகப் பிரிந்து ஐடி சாஃப்ட்வேர் என்ற கம்பெனியைத் தொடங்கியது. 1993 டிசம்பரில் 'டூம்' வந்தது.

லினக்ஸ் கதை இங்கேதான் நுழைகிறது. பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தமது இயங்குதளத்தை உலகுக்கு அறிவித்தது 1991 ஆகஸ்டில். மூன்றே வருடத்தில், 1994-ல், டூம் லினக்ஸில் ஓடியது. ஐடி சாஃப்ட்வேரில் வேலை பார்த்த டேவ் டெய்லர் என்பவர் அதை மாற்றிக் கொடுத்தார். (இவரும் டேவ்தான், தொப்பி உண்டா தெரியாது.) 1997 டிசம்பரில் கார்மாக் டூமின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்து விட்டபோது, அவர் கொடுத்தது லினக்ஸ் பதிப்பின் நிரலைத்தான். டாஸ் பதிப்பில் ஒலிக்காகப் பயன்படுத்திய நிரல் வேறொருவருடையது, அதை வெளியிட அவருக்கு உரிமை இல்லை. இன்று காரின் திரை வரைக்கும் டூமை ஓட வைத்துக் காட்டுகிறார்கள் அல்லவா, அதற்கெல்லாம் மூதாதை அந்த லினக்ஸ் பதிப்பு. ஆகவே லினக்ஸுக்கும் கேமுக்கும் பிறவிப் பகை ஒன்றுமில்லை.

பகை வந்தது 1995-ல். விண்டோஸ் 95 வெளியான அந்த ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 'டைரக்ட்எக்ஸ்' என்ற ஒன்றையும் கொண்டு வந்தது. கேம் எழுதுபவர் ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டாம், டைரக்ட்எக்ஸிடம் சொன்னால் போதும், மற்றதை விண்டோஸ் பார்த்துக் கொள்ளும். மிக நல்ல ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மொழியில் எழுதிய கேம் விண்டோஸிடம் மட்டுமே பேசும்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் எங்கள் ஊரில் ஏராளம். தெலுங்கு மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி ஆந்திராவிலிருந்து வந்திருக்கிறார், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வழி உண்டு. பாட்டிக்குத் தமிழ் கற்றுக் கொடுத்துக் கடைக்கு அனுப்பலாம். அல்லது பேரனைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் பேசப் பேச வரிக்கு வரி மொழிபெயர்க்கச் சொல்லலாம். லினக்ஸில் கேம் ஓட்ட முயன்றவர்கள் இந்த இரண்டு வழியிலும் போனார்கள்.

முதல் வழியில் போனது லோக்கி சாஃப்ட்வேர். 1998-ல் ஸ்காட் டிரேக்கர் என்ற வழக்கறிஞர் கலிபோர்னியாவில் தொடங்கினார். பிரபலமான விண்டோஸ் கேம்களின் உரிமையை வாங்கி, லினக்ஸுக்காக நிரலை மாற்றி எழுதி, பெட்டியில் போட்டு விற்றார்கள். 1999-ல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' வந்தது, பிறகு ரெயில்ரோடு டைக்கூன், சிம் சிட்டி, குவேக் 3 என்று வரிசையாக. வேலை தரமாகத்தான் இருந்தது. விற்பனை இல்லை. விண்டோஸ் பதிப்பு வெளியாகி மாதக்கணக்கில் கழித்துத்தான் லினக்ஸ் பெட்டி கடைக்கு வரும். அதற்குள் ஆசைப்பட்டவர்கள் விண்டோஸ் பதிப்பையே வாங்கி ஆடி முடித்திருப்பார்கள். 2002 ஜனவரியில் லோக்கி மூடப்பட்டது.

கம்பெனி போனாலும் ஒரு சொத்து மிஞ்சியது. லோக்கியின் முக்கிய நிரலாளர் சாம் லான்டிங்கா எழுதிய எஸ்.டி.எல். என்ற நிரல் தொகுப்பு அது. திரை, ஒலி, ஜாய்ஸ்டிக் மூன்றையும் எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரிக் கையாள உதவுவது. இன்று உலகில் எத்தனையோ கேம்களுக்குள் அது சத்தமில்லாமல் வேலை பார்த்துக் கொண்டிருக்கிறது. லான்டிங்காவை இன்னொரு முறை சந்திப்போம்.

இரண்டாவது வழிக்காரர்கள், அதாவது பேரன் கட்சி, அதற்கும் முன்பே கிளம்பிவிட்டார்கள். 1993-ல் தொடங்கிய 'வைன்' என்ற திட்டம் அது. விண்டோஸ் நிரல் ஒன்று "ஒரு ஜன்னலைத் திற" என்று கேட்டால், வைன் அதை லினக்ஸ் மொழியில் சொல்லித் திறந்து கொடுக்கும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் விண்டோஸில் இப்படிக் கேட்கக் கூடிய கேள்விகள் ஆயிரக்கணக்கில். மைக்ரோசாஃப்டின் நிரலைப் பார்க்கவும் கூடாது. வெளியிலிருந்து சோதித்துச் சோதித்து, விண்டோஸ் என்ன செய்கிறதோ அதையே, அதன் தவறுகள் உட்பட, செய்து காட்ட வேண்டும். 1994-ல் பொறுப்பை ஏற்ற அலெக்சாண்டர் ஜூலியார் என்பவர் விடாமல் நடத்திச் சென்றார். 1.0 பதிப்பு வெளியானது 2008 ஜூனில். பதினைந்து வருடம்! கல்லூரி ப்ராஜெக்டுக்கு மூன்று மாதம் போதவில்லை என்று புலம்பும் தம்பிகள் கவனிக்கவும்.

நம் ஊருக்கு லினக்ஸ் எப்படி வந்தது? சீனியர்களைக் கேட்டால் பி.சி. க்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த மார்ச் மாத சி.டி. என்பார்கள். 2003-ல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையும் சி.டி. கொடுத்தது. அதன் பிறகு உபுண்டு. வலைத்தளத்தில் விலாசம் கொடுத்தால் வெளிநாட்டிலிருந்து இலவசமாகச் சி.டி. வீட்டுக்கே தபாலில் வரும். 2011 ஏப்ரல் வரை அந்தச் சேவை இருந்தது. தெருவில் போஸ்ட்மேன் "ஃபாரின் தபால்" என்று கூப்பிட்டுக் கொடுக்கும் கௌரவத்துக்காகவே விண்ணப்பித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த சி.டி.க்களில் கேமும் இருந்தது: பென்குயின் பனியில் சறுக்கும், பந்து உடையும், கட்டம் நகரும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டியும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் ஆடிவிட்டு வருபவனிடம் பென்குயினைக் காட்டினால் அவன் என்ன சொல்வான்?

இனி நான் நேரில் பார்த்த காலத்துக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15. ஐந்து வருடம் முன்பு டி.வி. திட்டம் தொடங்கிய அதே அண்ணா பிறந்த நாளில், வேறோர் ஆட்சியில், விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. அந்தக் கல்வியாண்டில் நான் பிளஸ் டூ. 2012-ல் இன்ஜினியரிங் சேர வந்த எங்களில் பலர் தோளில் அந்தப் பையோடுதான் வந்தோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் டவுன் பஸ்ஸில் ஒரே மாதிரிப் பை பத்து தொங்கும், யாருடையது எது என்று தெரியாது.

அந்த மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7-ன் ஸ்டார்ட்டர் பதிப்பு. இன்னொன்று 'பாஸ்' லினக்ஸ். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் முதலில் வெளியிட்டது; டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸின் வழித்தோன்றல்; இந்திய மொழிகளில் வேலை செய்ய வசதி கொண்டது. தமிழ்நாட்டின் கிராமத்துப் பிள்ளைகள் கையில் இத்தனை லட்சம் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தது சாதாரண நிகழ்ச்சி அல்ல. வரலாற்றில் அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

நடந்தது என்ன? ஸ்டார்ட்டர் பதிப்பில் டெஸ்க்டாப் படத்தை மாற்ற முடியாது. அஜித், விஜய் படம் வைக்க முடியாத கம்ப்யூட்டர் எதற்கு? எனவே அதை அழித்து, எங்கிருந்தோ வந்த விண்டோஸ் 7 அல்டிமேட்டை ஏற்றினார்கள். பாஸை அழித்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கேமுக்கு இடம் வேண்டும். இன்னொன்று, அந்த மூன்று சொற்கள். ஊரில் ஒரு கடையில் இதற்கென்றே ரேட் போட்டிருந்தார்கள். காலையில் கொடுத்தால் மாலையில் 'சுத்தமாக' வரும், கூடவே நான்கு கேமும் வரும். கேமோடு பென் டிரைவ் வழியே வைரஸும் வரும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அது தன் பெயரிலேயே இன்னொன்றாகப் பிள்ளை பெற்று நிற்கும். மறுபடி கடை, மறுபடி ஃபார்மேட்.

2012-ன் மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தென் மாவட்டங்களில் ஒரு நாளில் கரண்ட் இருந்த நேரத்தை விட இல்லாத நேரம் அதிகமான காலம் அது. டி.வி. ஓடாது, பிரவுசிங் சென்டரில் ஜெனரேட்டர் சத்தம் காதைக் கிழிக்கும். பேட்டரி உள்ள மடிக்கணினிதான் அந்த வீட்டில் விழித்திருக்கும் ஒரே பொருள். வாசல் திண்ணையில் கொசுவத்திப் புகைக்கு நடுவே நான்கு தலைகள் ஒரு திரையைச் சுற்றி. நான் இரண்டு இயங்குதளத்தையும் வைத்திருந்தவன். வைன் போட்டுக் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-ஐ லினக்ஸில் ஓட்டிக் காட்டினேன். "ஓடுது மாப்ள, ஆனா உனக்கு மட்டும்தான ஓடுது?" என்றான் நண்பன். கேள்வி நியாயமானது. அதை ஓட வைக்க நான் மாற்றிய அமைப்புகள் ஒரு பக்கம் நீளும். அடுத்தவனுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதற்குள் அவன் ஆசை போய்விடும். வைன் அன்று அந்த நிலையில் இருந்தது. பேரனுக்கு மொழி தெரியும், ஆனால் திக்கித் திக்கித்தான் பேசுவான்.

நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே 2012-ல் அமெரிக்காவில் ஒரு பணக்காரருக்குப் பயம் வந்தது. கவுன்டர் ஸ்ட்ரைக்கை வெளியிட்ட வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல் அவர். 2003 முதல் 'ஸ்டீம்' என்ற கடையின் மூலம் இணையத்தில் கேம் விற்று வந்தவர். விண்டோஸ் 8-ல் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையைத் திறக்கப் போகிறது என்றவுடன், பி.சி. தொழிலுக்கே இது பேரழிவு என்று அந்த ஜூலையில் வெளிப்படையாகப் பேசினார். வாடகைக் கட்டடத்தில் கடை நடத்துபவருக்கு, வீட்டுக்காரரே கீழ்த்தளத்தில் அதே வியாபாரம் தொடங்கினால் எப்படி இருக்கும்! சொந்த இடம் தேடினார். கிடைத்தது லினக்ஸ். லோக்கியில் இருந்த சாம் லான்டிங்கா அதே ஆண்டு வால்வில் சேர்ந்தார் என்பதையும் இங்கே குறித்துக் கொள்ளுங்கள். ஆகஸ்டில் வால்வ் ஓர் எண்ணிக்கையை வெளியிட்டது. தங்களது 'லெஃப்ட் 4 டெட் 2' விண்டோஸ் 7-ல் நொடிக்கு 270.6 படங்கள் காட்டுகிறது, அதே இயந்திரத்தில் லினக்ஸில் 315. அதை ஹாஸ்டலில் படித்துக் காட்டினேன். யாரும் நம்பவில்லை.

2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு முறையாக வந்தது. அதற்குச் சற்று முன், 2012 டிசம்பரில், 'பிக் பிக்சர்' என்ற ஒன்றை வால்வ் வெளியிட்டிருந்தது. கூடத்து டி.வி.யில், பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து படிக்கும்படி பெரிய எழுத்து; மவுஸ் இல்லாமல் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலேயே எல்லாம். 2013 டிசம்பரில் 'ஸ்டீம் ஓ.எஸ்.' என்று தனி இயங்குதளமே வந்தது. அது டெபியனிலிருந்து பிறந்தது. ஆம், நம் பிள்ளைகள் அழித்துத் தள்ளிய பாஸ் லினக்ஸின் தாயும் அதே டெபியன்தான்.

2015 நவம்பரில் பல கம்பெனிகள் ஸ்டீம் ஓ.எஸ். போட்ட 'ஸ்டீம் மெஷின்' என்ற பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தன. டி.வி.க்கு அடியில் வைத்து ஆட வேண்டியது. படுதோல்வி. லோக்கி போன பாதையில்தான் வால்வும் போனது. "உங்கள் கேமை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேம் கம்பெனிகளைக் கேட்டது. சிலர் கொடுத்தார்கள், பெரிய தலைகள் பலர் கண்டுகொள்ளவே இல்லை. கேம் இல்லாத பெட்டியை யார் வாங்குவார்? வாங்க ஆளில்லாத பெட்டிக்கு யார் கேம் எழுதுவார்? எல்லாப் பாட்டிகளையும் தமிழ் படிக்கச் சொன்னால் நடக்குமா?

அந்தத் தோல்விக்குப் பிறகு வால்வ் செய்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம். பேரனைப் படிக்க வைத்தது.

2016-ல் 'வல்கன்' என்ற புதிய கிராபிக்ஸ் மொழி வெளியாகியிருந்தது. பழைய ஓப்பன்ஜி.எல். போல அல்லாமல், கிராபிக்ஸ் கார்டோடு மிக நெருங்கிப் பேசுவது. ஃபிலிப் ரெபோலே என்ற ஜெர்மன் இளைஞர், 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற ஒரே ஒரு கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டைரக்ட்எக்ஸ் 11-ன் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் டி.எக்ஸ்.வி.கே. வால்வ் அவரைக் கண்டுபிடித்துச் சம்பளம் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொன்னது. ஒரு கேம் ஆட வேண்டும் என்ற ஆசை எங்கே கொண்டு போய் விடுகிறது பாருங்கள்! பெற்றோர்கள் இந்தப் பத்தியைத் தவிர்த்துவிடலாம்.

வைன், டி.எக்ஸ்.வி.கே. இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கட்டி, 2018 ஆகஸ்ட் 21 அன்று 'புரோட்டான்' என்ற பெயரில் வால்வ் வெளியிட்டது. வைன் திட்டத்துக்கு நெடுங்காலத் துணையான கோட்வீவர்ஸ் கம்பெனி இதில் கூட்டு. முதல் நாள் பட்டியலில் 27 கேம்கள். டூம் அதில் இருந்தது, நியர்: ஆட்டோமேட்டாவும் இருந்தது. நான் ஒரு பக்கத்துக்கு மாற்றிய அமைப்புகள் இனி வேண்டாம். விண்டோஸ் கேமை வாங்கி, இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் போதும். எழுதியவருக்கே தன் கேம் லினக்ஸில் ஓடுவது தெரியாது.

இதில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. பேரன் எவ்வளவு வேகமாகப் பேசினாலும், கடைக்காரரும் கொஞ்சம் இறங்கி வந்தால்தான் வேலை சுலபம். விண்டோஸ் கேம்கள் ஒரே சமயத்தில் பல நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருக்கும் முறை ஒன்று உண்டு. லினக்ஸில் அதற்கு நேரான வழி இல்லை. 2022 ஜனவரியில் வந்த 5.16 கெர்னலில் அதற்கென்றே ஒரு கட்டளை சேர்க்கப்பட்டது. 2025 மார்ச்சில் வந்த 6.14-ல் இன்னும் நேரடியான ஏற்பாடு. சர்வர்களுக்காக உலகமே நம்பும் லினக்ஸின் கருவுக்குள் கேமுக்காக இடம் ஒதுக்கினார்கள். இதை 2012-ல் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்' என்ற கைக்கருவி வந்தது; உள்ளே இருப்பது முழு லினக்ஸ் கம்ப்யூட்டர். இந்தியாவில் அதை விற்பனைக்கு விடவில்லை, வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானை நம்பித்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்காகச் செய்த வேலை எல்லாம் எந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்கும் இலவசமாகக் கிடைத்தது. நமக்கு முக்கியம் அதுதான்.

ராஜபாளையம் வீட்டில் டி.வி.க்கு அடியில் நான் வைத்திருப்பது ஆபீஸ் ஒன்றில் கழித்துக் கட்டிய டெஸ்க்டாப். அதில் செகண்ட் ஹேண்ட் ஏ.எம்.டி. கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறேன். ஏ.எம்.டி. ஏன் என்றால், அதன் டிரைவர் திறந்த நிரலாக லினக்ஸோடேயே வருகிறது. தனியாகத் தேட வேண்டாம். 'பஸைட்' என்ற லினக்ஸை ஏற்றினால், சுவிட்சைப் போட்டவுடன் பாஸ்வேர்டு கேட்காமல் நேரே பிக் பிக்சர் திரையில் போய் நிற்கும், பழைய டி.வி. கேம் போலவே. ஒயர் இல்லாத கன்ட்ரோலர் ஒன்று. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்கவும். யூ.பி.எஸ். அவசியம், 2012 போல இல்லை என்றாலும் காற்றடி காலத்தில் எங்கள் தெருவில் கரண்டின் குணம் மாறவில்லை.

தீராத பிரச்சினை ஒன்றுதான். இரவு பத்து வரை டி.வி. அம்மாவின் சீரியலுக்குச் சொந்தம். அதற்கும் வழி இருக்கிறது. 2014 முதலே ஸ்டீமில் வீட்டுக்குள் ஒளிபரப்பும் வசதி உண்டு. கூடத்துப் பெட்டியில் கேம் ஓடும், படம் மட்டும் வைஃபை வழியாகப் படுக்கையறை லேப்டாப்புக்கு வரும். அரசு கொடுத்த அந்த 2012 மடிக்கணினிக்குப் புதிய கேமை ஓட்டத் தெம்பு கிடையாது. ஆனால் வருகிற படத்தைக் காட்டினால் போதும் என்ற இந்த வேலையை அதற்குக் கொடுத்தேன். திரையை அமைதியான அளவில் வைத்தால் இன்றும் செய்கிறது.

ஆடுபவர்களின் எண்ணிக்கை எப்படி? ஸ்டீம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு நெடுங்காலம் ஒரு சதவீதத்தை ஒட்டியே கிடந்தது. 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. அதே மாதம் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 பழைய புராசஸர்களை ஏற்காது. நன்றாக ஓடும் எத்தனையோ டெஸ்க்டாப்கள் நம் இரண்டு ஊர்களிலும் இந்தக் காரணத்தால் மூலைக்குப் போகக் காத்திருக்கின்றன. அடுத்த நவம்பரிலேயே வால்வ், கூடத்துக்கான புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தது. பழைய தோல்வியின் அதே பெயர்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். வைன் முப்பது வருடத் தன்னார்வலர் உழைப்பு. ஆனால் கடைசி ஓட்டத்துக்குப் பெட்ரோல் போட்டது ஒரே ஒரு கம்பெனி. அதுவும் தன் கடையைக் காப்பாற்றிக் கொள்ள. ஸ்டீமில் நாம் வாங்குவது கேமை ஆடும் அனுமதி மட்டுமே. 2015-ல் ரூபாயில் விலை போடத் தொடங்கிய பிறகு நம் பிள்ளைகள் பலர் கள்ளப் பதிப்பை விட்டு முறையாக வாங்கத் தொடங்கியது நல்ல மாற்றம்தான். இருந்தாலும் எல்லாச் சாவியும் ஒருவர் இடுப்பில் தொங்குகிறது. நிரல் திறந்திருப்பதால் நாளைக்கு வால்வ் கைவிட்டாலும் புரோட்டானை யாரும் எடுத்து நடத்தலாம் என்பது ஆறுதல். 'ஹீரோயிக்', 'லுட்ரிஸ்' போன்றவை மற்றக் கடைகளில் வாங்கியதையும் லினக்ஸில் ஓட்டுகின்றன.

ஓடாதவையும் உண்டு. பல பேர் சேர்ந்து ஆடும் போட்டி கேம்களில், ஏமாற்றுபவனைப் பிடிக்க ஒரு காவல் நிரல் கெர்னல் வரைக்கும் இறங்கி உட்காரும். அதற்கு நடுவில் பேரன் நின்று மொழிபெயர்த்தால், 'யார் நீ, என்ன மாற்றிச் சொல்கிறாய்' என்று வெளியே தள்ளிவிடும். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு காவல்காரர்களும் 2021-லேயே புரோட்டானை அனுமதிக்க வழி செய்துவிட்டார்கள். கதவைத் திறப்பதா என்பது அந்தந்தக் கேம் கம்பெனியின் இஷ்டம். ஃபோர்ட்நைட் திறக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் திறந்து வைத்திருந்து, 2024 அக்டோபர் இறுதியில் சாத்திக் கொண்டது. விடுதியில் இப்போது தம்பிகள் ராத்திரி முழுக்க ஆடும் வேலோரண்ட் அன்றும் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை. வேலோரண்ட் மட்டும்தான் ஆடுவேன் என்பவர் விண்டோஸிலேயே இருக்கட்டும். மற்றவர்கள், சீனியர் சொன்னார் என்று ஃபார்மேட் செய்வதற்கு முன், தங்கள் கேமின் பெயரைப் 'புரோட்டான் டி.பி.' என்ற தளத்தில் ஒரு முறை தேடிப் பார்க்கலாம்; ஆடிப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். டேவ் ஓடுகிறதா என்று கேட்ட 1996 பேட்ச் அண்ணனுக்கு: டாஸ்பாக்ஸ் போட்டால் ஓடும் அண்ணே, ஜெட்பேக் உட்பட.